பின்னால் பார், முன்னால் பார்: பொருநைக் கரையில் பெயரும் வினையும்



மொழி கற்பித்தல் பற்றி ஆண்டுக்கொரு சொற்பொழிவு என்பதுதான் இந்த மேடையை அமைத்த அறக்கட்டளையின் விதி. எந்த மொழி என்று விதியில் இல்லை. அந்தத் தாராளத்தைப் பயன்படுத்திக்கொண்டு இன்று தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே மேடையில் ஏற்றுகிறேன்.

எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது. ஒரு ஆங்கிலச் சொல்லைக் காட்டி, இது நவுனா வெர்பா என்று கேட்டால் நம் பிள்ளைகள் ஏன் திணறுகிறார்கள்? ஆறாம் வகுப்பில் தொடங்கும் இந்தத் திணறல் பட்டம் வாங்கிய பிறகும் விடுவதில்லை. வேலைக்கு எழுதும் விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் தலைகாட்டுகிறது. பிள்ளைக்கு மூளை போதாது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நான் சொல்ல வந்தது வேறு. பெயரையும் வினையையும் பிரித்தறியும் வழியை நம் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். ஆங்கில வகுப்பு வாசலில் அதைக் கழற்றி வைக்கச் சொல்வது நாம்தான்.

1. ஆளும் இடமும் பொருளும்

ஆங்கில வகுப்பில் நாம் கொடுக்கும் வரையறை எல்லோருக்கும் மனப்பாடம். ஆள், இடம், பொருள் இவற்றின் பெயர் நவுன். செயலைச் சொல்வது வெர்ப். 1930-களில் வந்த ரென், மார்ட்டின் இலக்கணப் புத்தகம் தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் இருந்து வருகிறது. அதிலும், அதற்கு முந்திய நெஸ்ஃபீல்டு புத்தகத்திலும், இன்றைய வழிகாட்டி நூல்களிலும் இதன் சாயலைப் பார்க்கலாம்.

நெல்லைச் சந்திப்பில் ரயில் நேரப் பலகையைப் பாருங்கள். ஒரு பத்தியின் தலைப்பு ‘ஆரைவல்’, அடுத்ததன் தலைப்பு ‘டிபார்ச்சர்’. வருவதும் புறப்படுவதும் செயல்தானே? வரையறையை நம்பிய பிள்ளை இரண்டையும் வெர்ப் என்று எழுதும். இரண்டும் நவுன். மறுபக்கம், ‘இந்தப் பை என்னுடையது’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘பிலாங்ஸ்’ என்று ஒரு சொல் போடுகிறோம். அங்கே யாரும் எதுவும் செய்யவில்லை, பை சும்மா கிடக்கிறது. ஆனாலும் அந்தச் சொல் வெர்ப். ‘டெத்’ நவுன், ‘டை’ வெர்ப். இரண்டும் சுட்டும் நிகழ்ச்சி ஒன்றே. பொருளைப் பார்த்துச் சொல்லின் வகையைச் சொல்ல முடியாது என்பதற்கு இவ்வளவு போதும்.

தமிழாசிரியர் இப்படிச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். ‘ஓட்டம்’ என்பது செயல்தான். ஆனாலும் அது பெயர் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை தயங்காமல் சொல்லும். ஏன் என்று கேட்டால், ‘ஓட்டத்தை, ஓட்டத்தால் என்று உருபு ஏற்கிறது, காலம் காட்டவில்லை’ என்று காரணமும் சொல்லும். இந்தக் காரணம் எங்கிருந்து வந்தது?

2. ஆற்றோடு இறங்கி வந்தால்

தொல்காப்பியம் சொல்லை நான்காகப் பகுக்கிறது. அதில் வினைக்கு அது தரும் இலக்கணம் இரண்டே நிபந்தனை: வேற்றுமை ஏற்காது, காலத்தோடு தோன்றும். செயல் என்ற பேச்சே அங்கு இல்லை. பெயருக்கோ வேற்றுமை ஏற்பது அடையாளம். காலம் காட்டுவது, தொழிலின் அடியாகப் பிறந்த சில பெயர்களுக்கு மட்டும் விலக்காக வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த இலக்கணத்தை உரசிப் பார்த்துத் துலக்கியவர்களில் பலர் நம் பொருநை ஆற்றங்கரைக்காரர்கள். மேலிருந்து இறங்கி வருவோம். பொதிகை அடிவாரத்தில் பாபநாசத்துக்குப் பக்கத்து விக்கிரமசிங்கபுரம் சிவஞான முனிவரின் ஊர். தொல்காப்பிய முதற்சூத்திர விருத்தி எழுதியவர், 1785-இல் மறைந்தார். நன்னூலுக்கு அவர் திருத்திக்கொடுத்த விருத்தியுரையை முதலில் எழுதியவர் சங்கர நமச்சிவாயர், திருநெல்வேலிக்காரர். எழுதச் சொல்லி ஆதரித்தவர் ஊற்றுமலை மருதப்பத் தேவர். சங்கர நமச்சிவாயரின் ஆசிரியர் இலக்கணக்கொத்து எழுதிய சுவாமிநாத தேசிகர். இன்னும் கீழே ஆழ்வார்திருநகரி. தமிழ் இலக்கணத்தையும் வடமொழி இலக்கணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிரயோக விவேகத்தின் ஆசிரியர் சுப்பிரமணிய தீட்சிதர் அந்த ஊரார். ஆறு கடலைத் தொடுவதற்கு முன் ஆத்தூர். சொல்லதிகாரத்துக்கு உரை கண்ட சேனாவரையரை, அவ்வூர்க் கோயில் கல்வெட்டுச் சான்றைக் கொண்டு ஆத்தூர்க்காரர் என்பது ஆய்வாளர் துணிபு.

ஊர்ப்பெருமைக்காக இந்தப் பட்டியலைப் படிக்கவில்லை. சேனாவரையர் செய்த ஒரு காரியத்தை உங்கள் முன் வைக்கவேண்டும். வினைக்கு ஏன் இரண்டு நிபந்தனை, ஒன்று போதாதா என்று அவர் கேட்டுப் பார்க்கிறார். காலம் காட்டும் என்று மட்டும் சொன்னால், காலத்தோடு ஒட்டிவரும் தொழிற்பெயரும் வினைக்குள் நுழைந்துவிடும். வேற்றுமை ஏற்காது என்று மட்டும் சொன்னால் இடைச்சொல்லும் உரிச்சொல்லும் நுழைந்துவிடும். ஆகவே இரண்டும் வேண்டும். ‘வந்தவன்’ என்ற சொல்லை இந்த வாசலில் நிறுத்திப் பாருங்கள். ‘த்’ இறந்தகாலத்தைக் காட்டுகிறது, முதல் நிபந்தனையில் தேறிவிட்டது. ‘வந்தவனை’ என்று உருபும் ஏற்கிறது, இரண்டாவதில் விழுந்துவிட்டது. ஆகவே அது வினை ஆகாது, வினையாலணையும் பெயர். இதில் எங்காவது ஆள், இடம், பொருள் என்று வந்ததா? சொல் எதை ஏற்கிறது, எதை ஏற்கவில்லை என்ற ஒரே விசாரணைதான்.

இது தமிழுக்கு மட்டும் உரிய பார்வை என்று சொந்தம் கொண்டாடவும் வேண்டாம். பாணினி, வேற்றுமை ஈறு பெற்றது ஒன்று, வினை ஈறு பெற்றது ஒன்று என்று பதத்தை இரண்டாக வகுத்தார். கிரேக்க மொழிக்குக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் இலக்கணம் செய்தவராகச் சொல்லப்படும் தியோனீசியஸ் திராக்ஸ், பெயருக்கு வேற்றுமையையும் வினைக்கு வேற்றுமையின்மையோடு காலத்தையும் அடையாளமாகச் சொன்னார். தொல்காப்பியத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி அது இருக்கிறது. இந்தப் பழைய இலக்கணிகள் சொல்லின் அடையாளத்தைப் பார்த்தார்கள். நம் பள்ளிப் புத்தகம்தான் பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

பிறகு வெளியிலிருந்து வந்தவர்கள். பாளையங்கோட்டையில் 1820-இல் வந்து தங்கிய ரேனியஸ் தமிழ் இலக்கணம் எழுதினார். 1840-களில் சாயர்புரத்தில் இருந்த போப் ஐயர், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கேள்வி பதிலாக இலக்கணம் எழுதித் தந்தார். 1841-இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், ஆற்றுக்கரையை விட்டு விலகிய தேரிக்காட்டில் உட்கார்ந்து திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை உருவாக்கி 1856-இல் வெளியிட்டார். நம் கேள்விக்கு அவரிடம் ஒரு நல்ல விடை இருக்கிறது. திராவிட மொழிகளில் பல வேர்ச்சொற்கள் பெயராகவும் வரும், வினையாகவும் வரும். எது என்பதை அதன் பின்னால் ஒட்டும் விகுதிதான் முடிவு செய்கிறது என்றார். வேர் வெறும் வேராக நிற்கும்போது அது எந்தப் பக்கமும் சாயவில்லை என்பது இதன் உட்பொருள்.

3. குமிசியைச் சலட்டினான்

இப்போது முன்வரிசையில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு கேள்வி. ‘முத்தையா நேற்றுக் குமிசியைச் சலட்டினான்.’ குமிசி என்றால் என்ன? தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் சரி, நான் இன்று காலையில் உண்டாக்கிய சொல் அது. சலட்டுவது என்றால்? அதுவும் அப்படித்தான். ஆனால் கேட்கிறேன்: முத்தையா குமிசியால் அடித்தானா, குமிசிக்குப் போனானா? இரண்டும் இல்லை, குமிசியைத்தான் ஏதோ செய்தான். நாளைக்குச் செய்தால் எப்படிச் சொல்வீர்கள்? ‘சலட்டுவான்’. செய்யவில்லை என்றால்? ‘சலட்டவில்லை’. பாருங்கள், பொருள் ஒரு பொட்டும் தெரியாத இரண்டு சொற்களில் பெயர் எது, வினை எது என்று ஒரு நொடியில் பிரித்துவிட்டீர்கள். ‘ஐ’ பெயரைக் காட்டிக்கொடுத்தது; ‘இன்’ வினையைக் காட்டிக்கொடுத்தது.

அமெரிக்காவில் சார்லஸ் ஃப்ரீஸ் 1952-இல் ஆங்கில வாக்கிய அமைப்புப் பற்றி ஒரு நூல் எழுதினார். சுமார் 50 மணி நேரத் தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, நவுன், வெர்ப் என்ற பழைய பெயர்களையே ஒதுக்கிவிட்டு, வாக்கியத்தில் எந்த இடத்தில் எந்தச் சொல் பொருந்துகிறது என்று மட்டும் பார்த்துச் சொற்களை வகுத்தார். பொருளைத் தள்ளிவைத்தும் வகையைச் சொல்லலாம் என்று அவர் நிறுவியதும், நீங்கள் இப்போது குமிசியை வைத்துச் செய்ததும் ஒரே வேலை.

ஆங்கிலத்திலும் இந்த விளையாட்டை ஆடலாம். ‘மை ப்ளிம் வில் ட்ராஸ்க்’ என்று ஒரு தொடர் சொல்கிறேன். ‘மை’ முன்னால் நிற்பதால் ப்ளிம் நவுன். ‘வில்’ முன்னால் நிற்பதால் ட்ராஸ்க் வெர்ப். ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். தமிழில் அடையாளம் சொல்லின் வாலில் இருந்தது, ஆங்கிலத்தில் அது தலைக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

4. காரும் பிசானமும் ஆங்கிலத்தில்

வால் ஏன் ஆங்கிலத்தில் உதவவில்லை என்பதைப் பார்க்க, நம் வயலுக்கே போவோம். கார் பருவம், பிசானப் பருவம் என்று இரண்டு போகம் விளையும் மண்ணில் புழங்கும் பொருள்களை ஆங்கிலத்தில் அடுக்குகிறேன். வாட்டர், டேம், சேனல், ஃப்ளட், ப்ளாவ், சீட், வீட், ஹார்வெஸ்ட், ஃபிஷ், போட், பிரிட்ஜ், பம்ப். இவற்றில் எவை நவுன்? எல்லாம். எவை வெர்ப்? அவையும் எல்லாம். பிள்ளை ‘வாட்டர் என்றால் தண்ணீர், ஆகவே நவுன்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கும். அடுத்த பக்கத்தில் ‘வாட்டர் தி ப்ளாண்ட்ஸ்’ என்று வரும். அங்கே அது தண்ணீர் ஊற்றுவது.

தமிழில் இந்தச் சொற்கள் பெரும்பாலும் பிரிந்து நிற்கின்றன. தண்ணீர் பெயர், பாய்ச்சு வினை. ஏர் பெயர், உழு வினை. வெள்ளம் பெயர், பெருகு வினை. ஆனால் இரண்டு சொற்களைப் பாருங்கள்: விதை, களை. ‘விதை வாங்கினேன்’ என்றால் பெயர், ‘வயலில் விதை’ என்று ஏவினால் வினை. ‘களை மண்டிக் கிடக்கிறது’ என்றால் பெயர், ‘அதைக் களை’ என்றால் வினை. கால்டுவெல் சொன்னதற்கு இதைவிடப் பக்கத்துச் சான்று வேண்டியதில்லை. ‘விதையை’ என்றதும் பெயர்ப் பக்கம் போய்விட்டது, ‘விதைத்தான்’ என்றதும் வினைப் பக்கம் வந்துவிட்டது. கையில் ஒரு விகுதி கிடைத்தவுடன் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது.

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் அப்படி வால் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் அன்பு ‘லுஃபு’, அன்பு செய்தல் ‘லுஃபியன்’. மீன் ‘ஃபிஷ்’, மீன்பிடித்தல் ‘ஃபிஷியன்’. ஈறு வேறாக இருந்ததால் குழப்பம் இல்லை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்ததற்குப் பிந்திய சில நூற்றாண்டுகளில், ஏற்கனவே மெலிந்துகொண்டிருந்த இந்த ஈறுகள் தேய்ந்து விழுந்தன. லுஃபுவும் லுஃபியனும் ‘லவ்’ என்ற ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தன. வால் போனபின், எது பெயர் எது வினை என்று காட்டும் வேலையைச் சொல்லின் இடமும் அதற்கு முன்னால் வரும் சின்னச் சொற்களும் எடுத்துக்கொண்டன.

மிச்சமிருக்கும் வாலிலும் ஒன்று ஏமாற்றும். அதுதான் ‘எஸ்’. ‘லாங் வாக்ஸ்’ என்றால் நீண்ட நடைகள், பன்மைப் பெயர். ‘தி பாய் வாக்ஸ்’ என்றால் பையன் நடக்கிறான், ஒருமைக்குரிய வினை. ஒரே எழுத்து பெயரில் பன்மையையும் வினையில் ஒருமையையும் காட்டுகிறது. சொல்லின் கடைசியையே பார்த்துப் பழகிய தமிழ்ப் பிள்ளை ‘தி பாய்ஸ் வாக்ஸ்’ என்று எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு சொல் இரண்டு வேலை பார்ப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருப்பவர், கோயில் கொடையில் வரி பிரிக்கிறவராக வாசலுக்கு வருகிறார். எந்த வேலையாக வந்திருக்கிறார் என்பதைக் கையில் சாக்பீஸ் இருக்கிறதா ரசீது நோட்டு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம்.

5. பண்ணியதும் ஆனதும்

இனி, நம் பிள்ளைகளுக்கென்றே தனியாக உள்ள ஒரு சிக்கல். ஆங்கிலச் சொற்களை நாம் நாள் முழுக்கப் பேசுகிறோம். ‘ஃபோன் பண்ணு’, ‘ட்ரை பண்ணேன்’, ‘ட்ரெயின் கேன்சல் ஆயிட்டு’. ஓர் ஆங்கிலச் சொல்லையும் நாம் நேராக வினையாக்குவதில்லை. வடசொல்லுக்கு அந்த உரிமையைக் கொடுத்தோம். யோசனையிலிருந்து யோசித்தான், தியானத்திலிருந்து தியானித்தான் என்று வந்துவிட்டன. ‘ஃபோனித்தான்’ என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆங்கிலச் சொல்லை முன்னால் நிறுத்திவிட்டு, காலம் காட்டும் வேலையைப் ‘பண்ணு’, ‘ஆகு’ இரண்டிடமும் ஒப்படைத்துவிடுகிறோம். ஆள் செய்தால் பண்ணு. தானாக நடந்தால் ஆகு. மிக ஒழுங்கான ஏற்பாடு.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு விளைவு இருக்கிறது. பண்ணுவுக்கு முன்னால் வருவது ஆங்கிலத்தில் நவுனா வெர்பா என்று தமிழ் கேட்பதே இல்லை. ‘டிஸ்கஸ் பண்ணினோம்’ என்றாலும் சரி, ‘டிஸ்கஷன் பண்ணினோம்’ என்றாலும் சரி. மருத்துவமனையில் ‘ஆபரேஷன் பண்ணினாங்க’ என்று நவுனைப் போடுகிறோம். எந்திரத்தை ‘ஆபரேட் பண்ணு’ என்று வெர்பைப் போடுகிறோம். ‘யாவாரம் லாஸ் ஆயிட்டு’, ‘பரீட்சையில சக்ஸஸ் ஆயிட்டான்’, ‘அக்காவுக்கு மேரேஜ் ஆயிட்டு’. தமிழாக இவை எல்லாமே பிழையற்ற தொடர்கள்.

இந்தத் தொடரிலிருந்து ஆயிட்டைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஆங்கிலமாக எழுதும்போதுதான் வண்டி தடம் புரள்கிறது. ‘ஐ லாஸ் மை பர்ஸ்’, ‘ஹி சக்ஸஸ் இன் தி எக்ஸாம்’, ‘மை சிஸ்டர் மேரேஜ் இன் மே’. மூன்றிலும் வெர்ப் இருக்க வேண்டிய இடத்தில் நவுன் உட்கார்ந்திருக்கிறது. வேண்டியவை லூஸ், சக்ஸீட், மேரி என்ற சொற்கள், உரிய கால உருவத்தோடு. பிள்ளைக்கு இந்தச் சொற்கள் தெரியாமல் இல்லை. லாஸும் லூஸும் ஆங்கிலத்தில் இரண்டு தனிச் சொற்கள் என்ற உணர்வு எழத் தமிழ்ப் பேச்சில் வாய்ப்பே வந்ததில்லை. இதை அறியாமல் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தால், அடுத்த கட்டுரையிலும் அதே வட்டத்தைப் போடவேண்டியிருக்கும்.

சில இணைகளில் ஆங்கிலமே ஒரு மெல்லிய கோடு போட்டு வைத்திருக்கிறது. ‘அட்வைஸ்’ நவுனாக இருந்தால் எழுத்தில் ‘சி’, வெர்பாக இருந்தால் ‘எஸ்’. ஒலியும் அதற்கேற்ப நவுனில் அதிர்வில்லாமலும் வெர்பில் அதிர்ந்தும் வரும். ‘ப்ராக்டிஸ்’ சொல்லில் நாம் பின்பற்றும் பிரிட்டன் வழக்குப்படி எழுத்து மட்டும் மாறும், ஒலி மாறாது. ‘ரெக்கார்ட்’, ‘ப்ரெசன்ட்’, ‘ஆப்ஜெக்ட்’ போன்றவற்றில் அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் நவுன், இரண்டாம் அசையில் விழுந்தால் வெர்ப். நம் பேச்சில் அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. அதனால் இந்தக் கோடு நம் காதில் விழுவதில்லை. இதை வாய்விட்டுப் பலமுறை சொல்லவைத்துத்தான் பழக்கமுடியும்.

6. அதே சூத்திரம், திசை மட்டும் வேறு

இப்போது தொல்காப்பியத்தின் இரண்டு நிபந்தனைகளை ஆங்கிலத்தின் மேல் வைத்துப் பார்க்கிறேன்.

வேற்றுமை ஏற்பது பெயர். ஆங்கிலத்தில் நம் உருபுகளின் வேலையைப் பெரும்பாலும் ‘இன்’, ‘டு’, ‘வித்’, ‘ஃப்ரம்’ போன்ற முன்னிடைச் சொற்கள் செய்கின்றன. பள்ளியில் என்ற ‘இல்’லை ஆங்கிலம் சொல்லுக்கு முன்னால் ‘இன்’ என்று வைக்கிறது. அரிவாளால் என்ற ‘ஆல்’ முன்னால் ‘வித்’ ஆகிறது. ஆகவே ஆங்கிலத்திலும் இந்தச் சொற்களை ஏற்று நிற்பது பெயர். ‘தி’, ‘எ’, ‘மை’, ‘திஸ்’ முன்னால் வந்தாலும் கொஞ்சம் தள்ளியாவது ஒரு பெயர் வரப்போகிறது என்று அறிவிப்பு. காலம் ஏற்பது வினை. ஆங்கிலத்தில் இறந்தகாலம் பெரும்பாலும் வாலில் ‘ஈடி’யாக இருக்கிறது; எதிர்காலத்துக்கு ‘வில்’ முன்னால் வருகிறது; எதிர்மறையிலும் கேள்வியிலும் ‘டிட்’ என்ற சொல் காலத்தைச் சுமக்கிறது. ‘கேன்’, ‘மஸ்ட்’, ‘டோன்ட்’ முன்னால் இருந்தால் அடுத்து வருவது வினை.

சூத்திரம் அப்படியே செல்லுபடியாகிறது. பார்க்க வேண்டிய திசைதான் மாறுகிறது. தமிழுக்குப் பின்னால் பார், ஆங்கிலத்துக்கு முன்னால் பார். பிள்ளைக்கு இதற்கு மேல் ஒரு விதியும் முதல் ஆண்டில் வேண்டியதில்லை.

இந்த முன்சொற்களை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆங்கில நாளிதழ்த் தலைப்புகள் சாட்சி. 2023 டிசம்பரில் பொருநையில் வந்த பெருவெள்ளம் நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அப்படி ஒரு செய்திக்குத் தலைப்புப் பாணியில் நானே ஒன்று எழுதுகிறேன்: ‘வில்லேஜர்ஸ் ஃபியர் ஃப்ளட் டேமேஜ்’. ஃபியர், ஃப்ளட், டேமேஜ் மூன்றும் இருவேடச் சொற்கள். இடம் குறைவு என்று ‘தி’ போன்ற சின்னச் சொற்களை வெட்டிவிட்டதால், எது வினை என்று ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரும் ஒரு கணம் தேட வேண்டியிருக்கிறது. மூன்று சொற்களில் ஃபியர் மட்டும் வினை. கிராமத்தார் வெள்ளச் சேதத்துக்கு அஞ்சுகிறார்கள்.

7. எல்லையில் நிற்பவை

‘டு’ ஒன்றை மட்டும் தனியாக எச்சரிக்க வேண்டும். ‘டு ஸ்கூல்’ என்றால் உருபு, பின்னால் பெயர். ‘டு வாக்’ என்றால் வினைக்கு முன்னோடி. விண்ணப்பத்தின் கடைசி வரியில் நம் பட்டதாரிகள் செய்யும் பிழை இங்கேதான் பிறக்கிறது. உங்களைச் சந்திக்க ஆவலாயிருக்கிறேன் என்பதற்கு ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதுகிறார்கள். அங்கே ‘டு’ உருபு, ஆகவே பின்னால் பெயர்த்தன்மை உள்ள சொல் வேண்டும்: ‘டு மீட்டிங் யூ’.

இந்த ‘மீட்டிங்’கை ஆங்கில இலக்கணம் ஜெரண்ட் என்கிறது. பிள்ளைக்கு அது ஒரு பூதம். தமிழில் சொன்னால் பூதம் இல்லை. ‘உங்களைச் சந்தித்தலில்’ என்று சொல்லுங்கள். ‘உங்களை’ என்று செயப்படுபொருளைக் கேட்டு வாங்குகிறது, அது வினைக்குணம். ‘இல்’ என்ற உருபை ஏற்கிறது, அது பெயர்க்குணம். இது தொழிற்பெயர் என்று எட்டாம் வகுப்பிலேயே படித்தாகிவிட்டது. ஜெரண்டின் இலக்கணமும் இதுவே. ‘வண்ணார்பேட்டை ஸ்டாப்பிங்ல இறங்கணும்’ என்று கண்டக்டரிடம் சொல்லும்போது, ஓர் ஆங்கிலத் தொழிற்பெயருக்கு வேற்றுமை உருபு கொடுத்துத்தான் பேசுகிறோம். பார்க்கிங், கோச்சிங், ட்ரெயினிங், மீட்டிங் எல்லாம் அந்த வாசல் வழியாக வந்தவை. நெல்லைப் பேருந்தில் ஏறிய எவருக்கும் ஜெரண்ட் புதிது இல்லை.

தமிழின் வகைப்பாடும் எல்லா இடத்திலும் கூர்மையாகக் கோடு கிழித்துவிடவில்லை. ‘அவன் நல்லன்’ என்பதில் வெளிப்படையாகக் காலம் எங்கே? அதைக் குறிப்பு வினை என்று பெயரிட்டு, காலம் உள்ளடங்கியிருக்கிறது என்றார்கள் நம் இலக்கணிகள். எல்லையில் நிற்கும் சொல்லைப் பார்த்து அவர்கள் பதறவில்லை. அதற்கு ஒரு பெயர் கொடுத்து, அது எந்தக் குணத்தை எங்கிருந்து எடுத்திருக்கிறது என்று எழுதிவைத்தார்கள். பிள்ளைக்கு நாம் பழக்க வேண்டியதும் அந்த நிதானத்தைத்தான்.

8. வகுப்பறைக்குச் சில வேண்டுகோள்கள்

ஆறாம் வகுப்பில் தமிழாசிரியர் பெயர், வினை நடத்தும் அதே வாரத்தில் ஆங்கில ஆசிரியரும் நவுன், வெர்ப் நடத்தட்டும். ஒருவர் கரும்பலகையில் எழுதிய வாக்கியத்தை மற்றவர் எடுத்துக்கொள்ளட்டும். ஒரே பிள்ளையின் தலைக்குள் இரண்டு இலக்கணமும் முகம் பார்க்காமல் குடியிருக்கிற நிலை மாறவேண்டும்.

தனிச் சொல்லைக் கொடுத்து நவுனா வெர்பா என்று கேட்கும் கேள்வியை வினாத்தாளிலிருந்து எடுத்துவிடலாம். ‘ஃபிஷ்’ என்று தனியாகக் கேட்டால் விடை இல்லை. ‘தே ஃபிஷ் அட் நைட்’ என்று தொடரில் கேட்டால் உண்டு. விடையோடு, எந்த அடையாளத்தைப் பார்த்துச் சொன்னாய் என்று காரணத்தையும் கேட்கவேண்டும். சரியான காரணத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் பிள்ளை ஊகிப்பதை விட்டுவிடும்.

‘பண்ணு’, ‘ஆகு’ சேர்த்துப் பேசுகிற ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகளே வீட்டிலும் கடையிலும் கேட்டுத் தொகுத்து வரட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலத்தில் நவுன் எது, வெர்ப் எது என்று இரண்டு கட்டம் போடட்டும். லாஸுக்குப் பக்கத்தில் லூஸ், டெத்துக்குப் பக்கத்தில் டை, அட்மிஷனுக்குப் பக்கத்தில் அட்மிட். இந்தப் பட்டியல் எந்த வழிகாட்டி நூலிலும் கிடைக்காது, ஏனெனில் அவை நம் வாய்ப்பேச்சைக் கேட்டு எழுதப்பட்டவை அல்ல. கூடவே வாரம் ஒருமுறை, குமிசி போன்ற பொருளற்ற சொற்களை இட்டு இரண்டு மொழியிலும் வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே வேற்றுமையையும் காலத்தையும் சரியான இடத்தில் வைப்பார்கள்.

இதற்கு அரசாணை தேவையில்லை, நிதி தேவையில்லை. ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரோடு பேசினால் போதும். அறக்கட்டளைக்காரர்களிடம் எனக்கு ஒரே கோரிக்கை உண்டு. அடுத்த ஆண்டு இந்த மேடையை, இதைத் தம் வகுப்பில் செய்து பார்த்த இரண்டு ஆசிரியர்களுக்குக் கொடுங்கள், தமிழுக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர். பலித்திருந்தால் அதைச் சொல்லட்டும்; பலிக்காமல் போயிருந்தால் எந்த இடத்தில் பிள்ளைகள் மறுபடி திணறினார்கள் என்று பெயர், வினையோடு எடுத்துச் சொல்லட்டும். சேனாவரையர் தம் முன்னோர் சொன்னதை நிபந்தனை நிபந்தனையாக எடுத்துச் சோதித்தார். நான் சொன்னதையும் அப்படிச் சோதிக்கும்படி கேட்டு அமைகிறேன்.